நான் எழுதாத பதினோரு வரி

கவிதையில் நாடகம் என்று சொன்னால் திண்டுக்கல்லில் இரண்டு கேள்வி கேட்பார்கள். ராஜா வேஷம் யார் கட்டுகிறார்? கிரீடம் எங்கே வாடகைக்கு எடுத்தீர்கள்? ராஜா கிடையாது, கிரீடம் கிடையாது, நம்மைப் போன்ற ஆட்கள்தான், நம் வீட்டில் நடக்கிற கதைதான், பேசுவது மட்டும் ஆசிரியப்பாவில் என்று நான் விளக்கி முடிப்பதற்குள் கேட்டவர் கைபேசியை எடுத்துப் பார்க்கத் தொடங்கியிருப்பார். இந்த அவமானத்தை நான் பல வருடம் பட்டிருக்கிறேன். என் மனைவியே, 'இதையே சாதாரணமாப் பேசுனா என்ன குறைஞ்சு போகும்?' என்று கேட்டிருக்கிறாள்.

எனக்கு விதையும் பூச்சிமருந்தும் விற்கிற கடை. நாள் முழுவதும் விவசாயிகளின் புகார்தான் காதில் விழும். ஒருநாள் ஒருவர் வந்து கல்லாவுக்கு முன்னால் நின்று சொன்னார்:

மல்லிச் செடியில் மொட்டே வைக்கல,
சொல்லுங்க அண்ணே, என்னதான் அடிக்க?

அவர் பாட்டுக்குச் சொன்னார். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. வரிக்கு நான்கு சீர், எதுகை, எல்லாம் கச்சிதமாக இருந்தது. மருந்தை எடுத்துக் கொடுக்காமல், 'இன்னொரு தடவை சொல்லுங்க' என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் பக்கத்துக் கடைக்குப் போய்விட்டார். ஒரு வாடிக்கையாளர் போனாலும் பரவாயில்லை, இரண்டாயிரம் வருடம் பழைய யாப்பு இந்த ஊர்க்காரர்களின் வாயில் இன்னும் உயிரோடு இருக்கிறது, இதை மேடை ஏற்றாமல் விடுவதில்லை என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

நாங்கள் ஐந்து பேர் சேர்ந்தோம். பைக் மெக்கானிக் ஒருவர். அவருடைய பட்டறைக்கு மேலே இருந்த தகரக் கூரை மாடிதான் எங்கள் ஒத்திகை இடம். ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர். அவரை எல்லோரும் டீச்சர் என்போம். கூரியர் ஆபீஸில் வேலை பார்ப்பவர் ஒருவர். அப்புறம் நானும் என் தங்கையும். தங்கை நடிக்க வந்தவள் இல்லை. சின்னாளப்பட்டியில் அவள் வீடு. திண்டுக்கல்லில் ஒரு பல் மருத்துவமனையில் டோக்கன் போடுகிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களுக்குச் சாப்பாடு கொண்டுவந்து கொடுத்துவிட்டு ஓரமாக உட்கார்ந்திருப்பாள்.

மாடியில் ஒரு சட்டம் வைத்திருந்தேன். வாசற்படியைத் தாண்டி உள்ளே வந்தால் உரைநடை பேசக் கூடாது. தண்ணீர் கேட்பதானாலும் ஆசிரியப்பாவில்தான் கேட்க வேண்டும். வரிக்கு நான்கு சீர். இரண்டு வரிக்கு மேல் போனால், முடிவதற்கு முந்தின வரியில் மட்டும் மூன்று. கடைசி வரி 'ஏ' என்று முடிய வேண்டும். தப்பாகப் பேசினால் அன்றைக்கு மாடியைப் பெருக்குவது அவர் வேலை. முதல் மாதம் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. சைகையிலேயே எல்லாம் நடந்தது. இரண்டாம் மாதம் மெக்கானிக் டீக்கடைக்குப் போன் போட்டு,

இஞ்சி தட்டி, இனிப்பைக் குறைத்து,
அஞ்சு டீயை அனுப்பு தம்பி

என்றபோது கூரியர்காரர் விசிலடித்தார். டீக்கடையில் போனை வைத்துவிட்டார்கள் என்பது வேறு விஷயம்.

எங்களில் யாருக்கும் மெனக்கெடாமல் வரவில்லை. விரல் விட்டு எண்ணுவோம். டீச்சர் கூரையைப் பார்த்து முணுமுணுத்துக்கொண்டே இருப்பார். ஒருநாள் ஓரத்தில் சாப்பாட்டுக் கேரியரைக் கழுவிக்கொண்டிருந்த என் தங்கை, தலையைக்கூடத் தூக்காமல் சொன்னாள்:

ஃபேனை நிறுத்து, பேப்பர் பறக்குது.

நான்கு சீர். எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். மெக்கானிக் எழுந்து போய் ஃபேனை நிறுத்தினார். 'என்ன எல்லாரும் என்னையவே பாக்குறீக?' என்று கேட்டாள். அவளுக்குத் தான் செய்தது தெரியவில்லை. அதற்குப் பிறகு மகள் வேஷத்துக்கு நான் ஆள் தேடவில்லை.

இப்போது நாடகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதைச் சொல்வதென்றால் நான் சொன்ன பொய்யையும் சொல்லியாக வேண்டும்.

எங்கள் பக்கம் உயிர் பிரிகிற நேரத்தில் வாயில் இரண்டு சொட்டுப் பால் விடுவார்கள். பெற்ற பிள்ளையின் கையால் அது தொண்டையில் இறங்கினால் நல்ல சாவு என்பார்கள். துக்கத்துக்கு வருகிறவர்கள் எந்த டாக்டர் பார்த்தார் என்று கேட்கமாட்டார்கள். கடைசிப் பால் யார் ஊற்றியது என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு வருகிற பதிலை வைத்துத்தான் அந்த வீட்டுப் பிள்ளைகளைப் பற்றிப் பிறகு பேசுவார்கள்.

எங்கள் அம்மா கடைசி ஒரு வருடம் தங்கை வீட்டில்தான் இருந்தாள். தங்கையின் புருஷனுக்கு வெளியூரில் வேலை, மாமியார் வீடு தனி; அங்கே அம்மாவும் அவளும்தான். என் வீடு இரண்டாம் மாடி, அம்மாவால் படி ஏற முடியாது என்பது நான் வெளியே சொன்ன காரணம். அம்மாவுக்கு முடியாமல் போனபோது ஆஸ்பத்திரியில், 'வீட்டுக்குக் கொண்டு போங்க, ஒரு வாரம் தாங்கும்' என்றார்கள். நான் முதல் நாள் போய்ப் பார்த்தேன். மதுரையில் இரண்டு நாள் கூட்டம், என் கவிதை நாடகம் ஒன்றை வாசிக்கக் கூப்பிட்டிருந்தார்கள். 'ரெண்டு நாள்ல வந்துர்றேம்மா' என்று சொல்லிவிட்டுப் போனேன். மூன்றாம் நாள் காலை நான் வாசித்துக்கொண்டிருந்தபோது கைபேசியின் சத்தத்தை அமர்த்திப் பையில் வைத்திருந்தேன். வாசித்து முடித்து, கைதட்டு வாங்கி, காப்பி குடித்து, அப்புறம்தான் எடுத்துப் பார்த்தேன். திரை முழுக்கத் தங்கையின் அழைப்புகள்.

நான் சின்னாளப்பட்டி போய்ச் சேர்ந்தபோது அம்மாவைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் நத்தத்திலிருந்து மாமா வந்தார், அம்மாவின் தம்பி. தோப்புக்காரர், பெரிய குரல். நான் தலைமாட்டில் நின்றிருந்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்:

'கடைசிப் பால் யாருடா மாப்ள ஊத்துனது?'

'நான்தான் மாமா.'

இதை நான் யோசித்துச் சொல்லவில்லை. வாய் சொன்னது. மாமா என்னைக் கட்டிக்கொண்டு, 'எங்கக்கா பெத்ததுக்குப் பலன் கண்டுட்டாடா' என்று அழுதார். 'தங்கச்சி எங்க அப்ப?' என்று அத்தை கேட்டபோது, 'மருந்து வாங்கக் கடைக்குப் போயிருந்தா, வர்றதுக்குள்ள முடிஞ்சு போச்சு' என்றும் நானே சொன்னேன். ஒன்று சொன்ன பிறகு இன்னொன்று தானாகவே வந்துவிடுகிறது. திரும்பிப் பார்த்தால் அடுப்படி வாசலில் தங்கை நின்றிருந்தாள். கையில் அம்மாவுக்குக் கட்டுவதற்கான புதுச் சேலை இருந்தது. என்னைப் பார்த்தாள். சேலையைக் கொண்டுவந்து கொடுத்தாள்.

அன்றிலிருந்து சொந்தக்காரர்கள் கூடுகிற எல்லா விசேஷத்திலும் அது பேச்சானது. 'வீட்டுல வச்சிருந்தா மகதான், ஆனா கடைசில குடுத்து வச்சது மகனுக்கு' என்பார்கள். தங்கையின் மாமியார் வீட்டில் அதையே வேறு தொனியில் சொன்னார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். 'பெத்தவ சாகயில கடையில நின்னுட்டிருந்தவ' என்று.

நான்கு வருடம் கழித்து அம்மாவின் கடைசி மூன்று நாளை நாடகமாக எழுதினேன். அதில் பால் ஊற்றுகிறவன் மகன். மகள் பிந்தி வருகிறாள். எழுதும்போது நான் ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. இதைத்தான் இன்றைக்கு நினைத்தாலும் என்னால் நம்ப முடியவில்லை. பாலின் சூடு என் விரலில் இருந்ததாக எனக்கு ஞாபகமே இருந்தது. அம்மாவின் உதடு அசைந்தது ஞாபகம் இருந்தது. நான் பார்க்காத ஒன்றை நான்கு வருடம் சொல்லிச் சொல்லிப் பார்த்தவனாகவே ஆகியிருந்தேன். மகன் பேசுவதாக நான் எழுதியது இது:

வாயைத் திறம்மா, வந்தேன் உன்மகன்;
பாயில் அமர்ந்து பால்தரு கின்றேன்;
பருகிடு, ஊரெலாம் அறிய
அருகில் இருந்தேன் அம்மா நானே.

அம்மா போன பிறகு மகள் ஓடிவந்து சொல்ல வேண்டியது:

பிந்தி வந்தேன், பெற்றவள் போனாள்;
முந்தினான் முகத்தைப் பார்த்தான்;
எந்தக் கண்ணால் இனிஅழு வேனே.

இதைத்தான் என் தங்கையிடம் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொன்னேன். கொடுத்தவன் நான். அவள் வாங்கிப் படித்தாள். தாளை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

மேடையேறுவதற்கு மூன்று வாரம் இருக்கும்போது, மற்றவர்கள் போன பிறகு, வாசற்படிக்கு வெளியே நின்றுகொண்டு பேசினாள். சட்டத்தை மீற வேண்டாம் என்று வெளியே நின்றாள் போல.

'அண்ணே, அந்த ஒரு எடத்த மட்டும் மாத்திரு.'

'எந்த எடம்?'

'ஒனக்குத் தெரியாதா?'

எனக்குத் தெரிந்தது. 'அது நாடகம். வீடு வேற, நாடகம் வேற' என்றேன்.

'மாமா நத்தத்துல இருந்து வேன் வச்சு எல்லாரையும் கூட்டியாறாராம். எங்க மாமியாரும் வாராக. அம்புட்டுப் பேரு முன்னாடி நின்னு நான் பிந்தி வந்தேன்னு என் வாயாலயே சொல்லணுமாண்ணே? நீ சொன்னதக்கூட நான் பொறுத்துக்கிட்டேன். நீ சொன்ன, நான் பேசாம இருந்தேன், சரி. முப்பதாம் நாளு காரியத்துக்குள்ள நீயே அவுககிட்ட உள்ளதச் சொல்லிருவேன்னு இருந்தேன். சொல்லல. இப்ப நானே சொன்னா அது நெசமாயிரும்ல?'

எனக்குக் கோபம் வந்தது. வெட்கம்தான் வந்திருக்க வேண்டும். நான்கைந்து மாதம் உட்கார்ந்து கட்டிய யாப்பு, அந்த இடத்தில் ஒரு கல்லை உருவினால் மொத்தமும் சரிந்துவிடும் என்றெல்லாம் பேசினேன். 'மகள் பிந்தி வந்தாத்தான் அங்க சோகம் ஏறும்' என்று பாடம் நடத்தினேன்.

'அப்ப வேற யாரையாச்சும் போட்டுக்க.'

'மூணு வாரத்துல எவ மனப்பாடம் பண்ணுவா? இத்தனை பேரோட உழைப்பைக் கெடுக்காத.'

அவள் தெருப்பக்கம் திரும்பிக்கொண்டாள். 'சரி' என்றாள். பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்துக்கொண்டு நான் வீட்டுக்குப் போய் நன்றாகச் சாப்பிட்டேன்.

நாடகம் நடந்தது நத்தம் ரோட்டில் ஒரு கல்யாண மண்டபத்தில். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். இலவசம் என்று போட்டும் கூட்டம் வராது என்று பயந்தேன். நாற்காலி பத்தாமல் போயிற்று. என் கடைக்கு வருகிற விவசாயிகள், டீச்சரிடம் படித்தவர்கள், மெக்கானிக்கிடம் வண்டி விடுகிறவர்கள், முன்வரிசையில் கரைவேட்டியோடு மாமா, அத்தை, நத்தம் வேன் முழுக்க வந்த சொந்தம். தங்கையின் மாமியார் இரண்டாம் வரிசை.

நான் மேடைக்குப் பக்கவாட்டில் பிரதியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். யாராவது மறந்தால் அடி எடுத்துக் கொடுப்பது என் வேலை. முதல் பாதி நான் கனவு கண்டதைவிட நன்றாகவே போயிற்று. ஆஸ்பத்திரிக் காட்சியில் கூரியர்காரர் டாக்டராக வந்து ஸ்கேன் ரிப்போர்ட்டை ஆசிரியப்பாவில் வாசித்தபோது பின்வரிசையில் சிரித்தார்கள், கைதட்டினார்கள். பத்து நிமிடத்தில் அது கவிதை என்பதையே மறந்துவிட்டுக் கதையைப் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். எனக்குக் கண் கலங்கியது. இத்தனை வருடக் கேலிக்கு இது போதும் என்று தோன்றியது.

பிறகு அந்தக் காட்சி வந்தது. அம்மா வேஷத்தில் டீச்சர் பாயில் கண்ணை மூடிப் படுத்திருந்தார். மகனாக நடித்த மெக்கானிக் பால் தம்ளரைக் கையில் எடுத்தார். நிஜப் பால். 'வாயைத் திறம்மா, வந்தேன் உன்மகன்' என்று முதல் வரியைச் சொன்னார்.

மேடைக்கு அந்தப் பக்கமிருந்து தங்கை நடந்து வந்தாள்.

அவள் வர வேண்டிய நேரம் அது இல்லை. இன்னும் மூன்று வரி இருந்தது, அம்மா சாக வேண்டியிருந்தது. அவசரப்பட்டுவிட்டாள் என்று நினைத்து 'போ, போ' என்று கையை ஆட்டினேன். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. நேராகப் போய்ப் பாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். மெக்கானிக்கைப் பார்த்துச் சொன்னாள்:

தள்ளு அண்ணே, தம்ளரைக் குடுநீ;

அவர் தள்ளி உட்கார்ந்து தம்ளரைக் கொடுத்துவிட்டார். கவிதையில் வந்தால் அது நாடகம் என்று அவரை அப்படிப் பழக்கியவன் நான்தானே. உரைநடையில் கேட்டிருந்தால் ஒருவேளை விழித்திருப்பார். தங்கை உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டுச் சூடு பார்த்தாள். அப்புறம் கூட்டத்தைப் பார்த்தாள்; நிதானமாக, அவள் வாயில் எப்போதும் வருகிற அந்தச் சாதாரணக் குரலில், பேசினாள்.

உள்ளங் கையில் ஊற்றிப் பார்த்துச்
சூடு தணித்துச் சொட்டாய் விட்டது,
நாடகம் இல்லை, நான்தான் அண்ணே.
மூன்று நாளாய் மூச்சை எண்ணினேன்;
ஏன்டா வரலை என்றுதான் கேட்டாள்;
வருவான் அம்மா, வழியில் என்றேன்;
ஒருபொய் சொன்னேன், உனக்காய் அண்ணே.
பாலைக் குடித்தாள், பார்த்தாள் வாசலை;
மேலே ஒன்றும் இல்லை;
நாலு வருசம் நாவை அடைத்ததே.

நான் பிரதியைப் புரட்டினேன். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த வரிகளைத் தேடிப் பக்கம் பக்கமாக விரலை ஓட்டினேன். எங்கோ எழுதியிருக்கிறேன், மறந்துவிட்டேன் என்றுதான் முதலில் தோன்றியது. பக்கத்தில் என் கையெழுத்தில் 'பிந்தி வந்தேன்' என்று இருந்தது. காது அடைத்துக்கொண்டது. மின்விசிறி சுற்றுவது தெரிகிறது, சத்தம் கேட்கவில்லை.

அம்மா என்னைக் கேட்டிருக்கிறாள். இது எனக்குத் தெரியாது. ஏன்டா வரலை என்று கேட்டிருக்கிறாள், வாசலைப் பார்த்திருக்கிறாள். நான்கு வருடம் தங்கை இதை என்னிடம் சொல்லவில்லை. சொன்னால் நான் தாங்கமாட்டேன் என்று வைத்திருந்தாளா, சொல்லி என்ன ஆகப்போகிறது என்று வைத்திருந்தாளா, தெரியாது. என் அம்மாவின் கடைசி வார்த்தையை நான் முந்நூறு பேரோடு சேர்ந்து ஒரு கல்யாண மண்டபத்தில் கேட்டேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், சொல்லக் கூசுகிறது. அந்த நிலையிலும் என் மூளையில் ஒரு மூலை எண்ணிக்கொண்டிருந்தது. கடைசிக்கு முந்தின வரியில் மூன்று சீர். கடைசி வரி 'ஏ' என்று முடிந்தது. ஒரு பிசகு இல்லை. தாயைப் பறிகொடுத்தவள் வயிறெரிந்து பேசுகிறாள், நான் சீர் பிரித்துக்கொண்டிருக்கிறேன். நான் எப்படிப்பட்ட ஆள் என்று எனக்கே தெரிந்து திடுக்கிட்டது அந்த நொடியில்தான்.

டீச்சர் கண்ணைத் திறக்காமல் வாயை மட்டும் திறந்தார். தங்கை இரண்டு சொட்டு விட்டாள். டீச்சர் விழுங்கினார். தலை சாய்ந்தது. விளக்கு அணைந்தது.

பிறகு மண்டபம் அதிர்ந்தது. எழுந்து நின்று தட்டினார்கள். விசில் பறந்தது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் என் முகத்திரையைக் கிழித்திருக்கிறாள், இவர்கள் என்ன, கல்லெறிய வேண்டியவர்கள் கைதட்டுகிறார்கள்? 'நாடகம் இல்லை' என்று வாய்விட்டுச் சொன்னாளே, அது ஒருவர் காதிலும் ஏறவில்லையா?

ஏறியிருக்கிறது. கவிதையாக ஏறியிருக்கிறது. மேடையில் நின்று ஒருத்தி எதுகை மோனையோடு பேசினால் அது யாரோ எழுதிக் கொடுத்ததாகத்தானே இருக்க முடியும்? அந்த மண்டபத்தில் அத்தனை பேரும் அப்படித்தான் எடுத்துக்கொண்டார்கள்.

முதலில் வந்தவர் ஒரு கல்லூரித் தமிழ்ப் பேராசிரியர். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். 'அந்தக் கடைசிப் பதினோரு வரி! நாடகத்துக்குள்ளயே நாடகம் இல்லைன்னு சொல்ல வச்சீங்களே, என்ன தைரியம் சார் உங்களுக்கு!' என்றார். நான் ஏதோ சொன்னேன். 'நன்றி' என்று சொன்னதாகத்தான் ஞாபகம். அதற்குள் ஒருவர் அந்த இடத்தைக் கைபேசியில் படம் பிடித்து, ஆசிரியர் இன்னார் என்று என் பெயரைப் போட்டு, நாலு குழுவுக்கு அனுப்பிவிட்டதாக மகிழ்ச்சியோடு வந்து காட்டினார்.

மணமகள் அறையைத்தான் ஒப்பனை அறையாக வைத்திருந்தோம். தங்கை கண்ணாடி முன்னால் நின்று சேலையில் குத்திய ஊசிகளைக் கழற்றிக்கொண்டிருந்தாள். நான் வாசலில் போய் நின்றேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். அவள் கண்ணாடியிலேயே என்னைப் பார்த்தாள். முகத்தில் கோபம் இல்லை. பல நாள் காய்ச்சல் விட்டது போல வெளிறி, லேசாக இருந்தது.

'கோவமாண்ணே?' என்றாள். 'உன் வரிய மாத்திட்டேன். அங்க வந்து நின்னதும் தானா வந்துருச்சு. எனக்கு ஒன்ன அசிங்கப்படுத்தணும்னு இல்ல. அவுகளுக்குத் தெரிஞ்சாப் போதும். இப்பத் தெரிஞ்சிருக்கும்ல?'

அவளுடைய கண்ணில் அப்படி ஒரு ஆசை. நான் பதில் சொல்வதற்குள் பின்னாலிருந்து மாமாவின் குரல் வந்தது.

'ஏலே மாப்ள!'

வந்தவர் என்னைக் கட்டிக்கொண்டார். துண்டு நனைந்திருந்தது, அவ்வளவு அழுதிருக்கிறார். என் தோளைப் பிடித்து உலுக்கினார்.

'ஒன்னையப் பெத்த எங்கக்கா எங்கடா இருக்கா, பாக்கக் குடுத்து வைக்கலையே! நெசத்துல பால் ஊத்துன புண்ணியம் ஒன்னுது. அத அப்புடியே தூக்கித் தங்கச்சி கையில குடுத்து, இம்புட்டுச் சனத்துக்கு முன்னாடி அவளுக்கு ஒரு பேரு வாங்கிக் குடுத்தியே, யாருக்குடா வரும் இந்த மனசு?'

நான் தங்கையைப் பார்த்தேன். ஊசி பாதி கழன்று தொங்கியது. கை அப்படியே நின்றுவிட்டது.

'இல்ல மாமா' என்றேன். 'நான் ஊத்தல.'

'சரி, சரி.'

'மாமா, கேளுங்க. நான் அன்னைக்கு மதுரையில இருந்தேன். கவிதை வாசிச்சுக்கிட்டு இருந்தேன். போனை அமத்தி வச்சிருந்தேன். நான் வரும்போது அம்மா போயிட்டா. பால் ஊத்துனது இவதான். இவ மருந்து வாங்க எங்கயும் போகல. நான் உங்ககிட்டப் பொய் சொன்னேன். மேடையில சொன்னதும் நான் எழுதுனது இல்ல. அதையும் இவதான் சொன்னா.'

மாமா என் முகத்தையே பார்த்தார். அவர் என்னை அறைவார் என்று எதிர்பார்த்தேன். அறைந்திருந்தால் அவர் காலில் விழுந்திருப்பேன். அவருக்குக் கண்ணில் புதிதாக நீர் கட்டியது. வாசல் பக்கம் திரும்பி அத்தையைக் கூப்பிட்டார்.

'ஏத்தா, இங்க வந்து கேளு. இன்னும் விட்டுக்குடுக்குறான் பாரு! எழுதுனதுகூட அவதானாம். ஒரு பல்லாஸ்பத்திரியில டோக்கன் போடுற புள்ள நின்ன எடத்துல கவி கட்டுச்சாம்!'

அத்தை வந்தாள். தங்கையின் மாமியாரும் கூடவே எட்டிப் பார்த்தார். 'சத்தியமா மாமா, அம்மா மேல சத்தியமா' என்றேன். அத்தை பதறிப்போய் என் வாயைப் பொத்தினாள். 'செத்தவ மேல சத்தியம் பண்ணாத அப்பு. ஒன் மனசு எங்களுக்குத் தெரியாதா?' என்றாள். மாமா தங்கையின் தலையில் கை வைத்தார்.

'குடுத்து வச்சவ ஆத்தா நீ. இப்புடி ஒரு அண்ணன் யாருக்குக் கெடைப்பான்?'

தங்கை தலையை ஆட்டினாள். ஆமாம் என்றா, இல்லை என்றா, என்னால் சொல்ல முடியவில்லை. வெளியே நத்தம் வேன்காரர் ஹாரனை அடித்துக்கொண்டே இருந்தார். அவர்கள் போனார்கள். மாமியார் போகிற போக்கில் தங்கையிடம், 'நல்லா நடிச்ச' என்றார்.

அறையில் நாங்கள் இரண்டு பேர்தான். நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். உள்ளதை முழுசாகச் சொன்னேன், என் வாயால் சொன்னேன், சத்தியம்கூடச் செய்தேன். அதுவும் எனக்கே பெருமையாகப் போய்ச் சேர்ந்தது. இப்படியும் நடக்குமா என்று அதையே திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருந்தேன்.

தங்கை மீதி ஊசிகளைக் கழற்றி டப்பாவில் போட்டு மூடினாள். முகத்தைத் துடைத்தாள். சின்னாளப்பட்டி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று பையை எடுத்துக்கொண்டு வாசல் வரைக்கும் போனாள்.

'நான் சொன்னேன் பாத்தியா' என்றேன். சின்னப் பிள்ளை மாதிரி. 'சொன்னேன்ல?'

'சொன்னண்ணே' என்றாள். 'அன்னைக்கே சொல்லியிருந்தா நம்பியிருப்பாக.'